ஏரிக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோருக்கு ஒரு விண்ணப்பம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பள்ளிகளில் பாடம் சொல்லும் ஆசிரியப் பெருமக்களுக்கும், விடியுமுன்பே தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் புறப்பட்டுவிடும் இயற்கை ஆர்வலர்களுக்கும் வணக்கம். உங்கள் இரு சாராரிடமும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளவே இந்தக் காணொளி.

நம் மேற்குப் புறநகர் தொழிற்பேட்டைகளுக்கும் ராணுவத் தளவாட ஆலைகளுக்கும் பேர்போனது என்பது மெய்தான். ஆயினும் அவையெல்லாம் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இது ஏரிகளின் பிரதேசம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து இரட்டை ஏரிக்கு. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரை சீரமைக்கப்பட்டு 2019 முதல் பசுமைப் பூங்காவாக விளங்குகிறது. பூந்தமல்லிக்கு அப்பால், 24 அடி ஆழத்தில் 3,645 மில்லியன் கன அடி நீரைத் தேக்கக்கூடிய செம்பரம்பாக்கம். இத்தனையும் கூப்பிடு தூரத்தில் இருக்க, புல்லும் மானும் புலியும் வரைந்த படத்தைக்கொண்டே உணவுச் சங்கிலியை நம் பிள்ளைகள் படித்து முடித்துவிடுகிறார்களே என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம்.

இதற்கு ஆசிரியர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பாடமாக்கும்படி உத்தரவிட்டது, பாடநூல்கள் வந்தன, 2001-இல் தேசிய பசுமைப் படையும் வந்தது. ஆனால் நாற்பது பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே அழைத்துப்போய் என்ன செய்வது என்பதை எத்தனை ஆசிரியர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? 'ஒரு பறவையைக் காட்டிப் பிள்ளை பெயர் கேட்டு, எனக்குத் தெரியாமல் போய்விட்டால்?' என்ற சங்கோசம் ஒன்றே பல நல்லாசிரியர்களை வகுப்பறைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறது.

திரையில் இப்போது நீங்கள் காண்பது மடையான். சேற்றோரத்தில் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, பழுப்புக் கோடுகள் ஓடிய மார்போடு அசையாமல் நிற்கும்போது அது இருப்பதே தெரிவதில்லை. யாரேனும் அருகே போனால் எழும்பிப் பறக்கிறது. பறந்த கணத்தில் சிறகிரண்டும் தூய வெள்ளை. அந்த வெள்ளை இதுவரை எங்கே ஒளிந்திருந்தது, நிற்கும்போது அதை மறைத்துக்கொள்வதால் பறவைக்கு என்ன பிரயோஜனம், இதையே இனப்பெருக்கக் காலத்தில் பார்த்தால் முதுகு ஏன் கருஞ்சிவப்பாக மாறியிருக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஆசிரியருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பெயரைப் படக்கையேட்டில் பிள்ளைகளே தேடிக்கொள்வார்கள். வகுப்புக்கு வெளியே கற்பிப்பதற்கான பயிற்சி என்பது பெரும்பாலும் இப்படிக் கேட்கவும், கேட்டபின் பதிலை உடனே சொல்லிவிடாமல் காத்திருக்கவும் பழகிக்கொள்வதே.

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் ஸ்தாபனத்தின் 'எர்லி பேர்ட்' திட்டம், பறவைகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யும் முறையை ஆசிரியர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் பயிலரங்குகளில் கற்பிப்பதோடு, தமிழிலும் படங்களையும் கையேடுகளையும் அளிக்கிறது. 'சீசன்வாட்ச்' திட்டத்தில் சேர்ந்தால் ஏரிவரை போகவேண்டிய அவசியமும் இல்லை. பள்ளி வளாகத்து வேம்பையோ புங்கையோ வாராவாரம் பார்த்து, இலை, பூ, காய் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறித்தாலே போதும். சென்னையிலேயே 1989 முதல் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையமும், 1978 முதல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியும் இருக்கின்றன.

ஆர்வலர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஞானம் பெரிது. ஆனால் அரைமணி நேரத்தில் முப்பது பறவைகளின் பெயரைக் கொட்டிவிட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகளை அடக்கி அமரவைக்கவும், கடைசி வரிசையில் பேசாமல் நிற்கும் பெண்ணைப் பேசவைக்கவும் ஆசிரியருக்குத் தெரியும். தாழைக்கோழி எந்தப் புதரிலிருந்து வெளிவரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பயிற்சிக்கு ஆசிரியர் ஒருவரும் ஆர்வலர் ஒருவருமாக ஜோடி சேர்ந்து விண்ணப்பியுங்கள்.

தலைமையாசிரியர்களையும் வேண்டுகிறேன். விடுமுறையைத் தியாகம் செய்தால்தான் பயிற்சிக்குப் போகலாம் என்ற நிலை உங்கள் பள்ளியில் இருக்குமானால், அந்த நாட்களைப் பணிநாளாகக் கருதச் சிரத்தையோடு ஏற்பாடு செய்யுங்கள். கணக்குப் பாடத்துக்கான பயிற்சியை நாம் ஒருபோதும் ஆசிரியரின் சொந்தப் பொழுதுபோக்காக எண்ணுவதில்லை அல்லவா?

பயிற்சி முடித்தவர்கள் முதலில் செய்து பார்க்கத் தக்க காரியம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் இதில், பொங்கல் நாட்களில் ஓரிடத்தில் 15 நிமிஷமாவது நின்று, கண்ட பறவைகளை எண்ணி 'இ-பேர்டு' தளத்தில் பதிய வேண்டும். பள்ளிக்கு விடுமுறை, மழை ஓய்ந்து ஏரிகளில் தண்ணீர் நிற்கும், வடக்கேயிருந்து வலசை வந்த பறவைகளும் அப்போது இங்கே இருக்கும்.