வெள்ளை விதை ஆப்ரிகாட்

புளியங்குடி என்றால் எலுமிச்சை. லடாக் என்றால் ஆப்ரிகாட், குழந்தைகளே! இதன் அறிவியல் பெயர் ‘புரூனஸ் ஆர்மேனியாகா’. ஆர்மேனியா நாட்டுப் பழம் என்று நினைத்து வைத்த பெயர்! சீனாவிலும் மத்திய ஆசியாவிலும் அதற்கு வெகுகாலம் முன்பே இதைப் பயிரிட்டார்கள்.

லடாக்கில் லே, கார்கில் பக்கம் ஏப்ரலில் மரமெல்லாம் பூவாக நிற்கும். விவசாயிகளுக்கு அப்போதுதான் பயம். ஓர் இரவு உறைபனி கொட்டினால் பூ கருகிவிடும். அந்த வருட விளைச்சல் போச்சு! தப்பியது கோடையில் பழுக்கும். நாம் வற்றல் காயப்போடுவது போல வெயிலில் உலர்த்தி, குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள்.

வழக்கமாகக் கொட்டை பழுப்பாக இருக்கும். ‘ரக்சே கார்போ’ ரகத்துக்கு வெள்ளை. பெயரின் பொருளே வெள்ளை விதைதான். பருப்பும் இனிக்கும். 2022-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கசக்கும் பருப்பை மட்டும் தின்றுவிடாதீர்கள், அதில் நஞ்சு உண்டு.