பட்டை கூறும் இரு விடைகள்

கொள்ளைநோய் ஒன்று பரவுங் காலத்திலே மக்கள் மனம் "உண்டு", "இல்லை" என்னும் இரு சொற்களையே நாடி நிற்கும். 2020 ஆம் ஆண்டிலே கோவிட்-19 உலகெங்கும் பரவியபோது, மூக்கிலிருந்து எடுத்த சளியைக் கொண்டு ஏறக்குறையக் கால் மணி நேரத்தில் விடை கூறும் அன்டிஜென் பரிசோதனைப் பட்டை வழக்கிற்கு வந்தது. ஒரு கோடு தோன்றினால் "இல்லை". இரு கோடுகள் தோன்றினால் "உண்டு". ஆயின், இவ்விரு விடைகளும் ஒரே வலிமை உடையனவல்ல. இவ்வேறுபாட்டை அறியாத வீட்டிலே ஆபத்துக்குள்ளாவோர் பெரும்பாலும் முதியோரே. ஆதலின், இதனைச் சற்று ஆராய்வோம்.

பட்டையின் தொழில்

பட்டையின் ஒரு முனையில் விடப்பட்ட திரவம், துணியில் நீர் ஊறுவதுபோல மெல்ல மறுமுனையை நோக்கிச் செல்கின்றது. வழியிலே, பொன் முதலியவற்றின் நுண்ணிய நிறத்துணிக்கைகளோடு பிணைக்கப்பட்ட பிறபொருளெதிரிகள் உள. சளியில் வைரசின் புரதம் இருப்பின் அவை அதனைப் பற்றிக்கொள்ளும். அவ்வாறு பற்றியவை பரிசோதனைக் கோட்டிலே தடுக்கப்பட்டு ஒன்றுகூட, அங்கே நிறம் தோன்றுகின்றது. மற்றைய கோடு, பட்டை ஒழுங்காகத் தொழிற்பட்டது என்பதற்குச் சாட்சி. அது தோன்றாவிடின் அப்பரிசோதனை செல்லாது.

பி. சி. ஆர். பரிசோதனையோ வைரசின் மரபுப் பொருளைப் பன்மடங்கு பெருக்கியே தேடுகின்றது. ஆதலால், மிகச் சிறிதளவு இருப்பினும் கண்டுகொள்ளும். நோய் தணிந்து சில வாரங்கள் சென்ற பின்னரும் எஞ்சியிருக்கும் சிதைவுகளைக் காட்டுதல் கூடும். பட்டை எதனையும் பெருக்குவதில்லை. வைரசு செறிந்திருக்கும் நாட்களில் அது காணும். குறைந்திருக்கும் நாட்களில் காணாது விடும்.

அளந்து கண்டவை

கொக்ரேன் என்னும் சர்வதேச ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2022 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோய்க்குறி உள்ள தொற்றாளருள் நூற்றுக்கு 73 பேரையும், நோய்க்குறி இல்லாதாருள் ஏறக்குறைய 55 பேரையுமே பட்டைகள் சராசரியாகக் கண்டுபிடித்தன. குறிகள் தொடங்கிய முதல் வாரத்தில் இத்தொகை 80 வரை உயர்ந்தது. இரண்டாம் வாரத்தில் 54 அளவிற்குத் தாழ்ந்தது. தொற்றில்லாதாரை "இல்லை" என்று கூறுவதிலோ பட்டை நூற்றுக்கு 99 அளவில் தவறாதிருந்தது.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 2020 நவம்பரிலே நோய்க்குறியற்ற மக்களைச் சோதித்தபோது, பி. சி. ஆர். காட்டிய தொற்றாளருள் நூற்றுக்கு 40 பேரையே பட்டை கண்டது. எனினும், வைரசு மிகச் செறிந்திருந்தோருள் நூற்றுக்கு 90 பேர்வரை அதற்குத் தப்பவில்லை. இதனால் அறிஞரிடையே வாதம் எழுந்தது. பிறருக்கு நோயைப் பரப்பக்கூடியவரை அறிவதே தேவை, அதற்கு மலிவான பட்டையை அடிக்கடி பயன்படுத்துதல் தக்கது என்றார் அமெரிக்க அறிஞர் மைக்கேல் மினா. பட்டையின் "இல்லை" மக்களுக்குப் பொய்யான துணிவைக் கொடுக்கும் என அஞ்சினார் பேர்மிங்காம் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியலாளர் ஜோன் டீக்ஸ். முன்னவர் பட்டையின் ஆற்றலை நோக்கினார். பின்னவர் அதனைப் பயன்படுத்தும் மனிதனை நோக்கினார்.

மாணவர்க்கு ஒரு கணக்கு

நோய் அருகியுள்ள ஓர் ஊரிலே, குறியற்ற 10,000 பேருள் 100 பேருக்குத் தொற்று உண்டெனக் கொள்வோம். பட்டை அவர்களில் 55 பேரைக் காணும். 45 பேரை விடும். தொற்றில்லாத 9,900 பேரில் ஆயிரத்துக்கு ஐவர் வீதம் தவறெனின், ஏறக்குறைய 50 பேருக்கு வீணே இரு கோடுகள் தோன்றும். ஆகவே, "உண்டு" என்ற விடை பெற்ற 105 பேரில் பாதியளவினர் தொற்றில்லாதவரே!

இனி, நோய் மிகுந்த ஊரிலே இருமலுடன் வந்த 10,000 பேருள் 2,000 பேருக்குத் தொற்று உண்டெனின், 1,460 பேர் மெய்யாகவும் 40 பேர் பொய்யாகவும் "உண்டு" எனப்படுவர். அங்கே அவ்விடையைத் தயங்காது நம்பலாம். ஆனால், "இல்லை" எனப்பட்ட 8,500 பேருள் 540 பேர் தொற்றுடையோர். அஃதாவது, ஏறக்குறையப் பதினாறு பேருக்கு ஒருவர். பட்டை ஒன்றே, ஊர் மாற, அதன் விடையின் பொருளும் மாறுகின்றது.

காணாமையும் இல்லாமையும்

நமது தருக்க நூலார் காட்சி, அனுமானம், உரை என்பவற்றோடு அபாவம் என்றோர் அளவையையும் ஆராய்ந்தனர். ஒளியுள்ள அறையிலே குடம் காணப்படவில்லையெனின், குடம் இல்லை எனத் துணியலாம். இருள் சூழ்ந்த அறையிலே காணப்படாமை, இல்லாமைக்குச் சான்றாகாது. இருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்னும் நிலையிலேதான் காணாமை சான்றாகும். தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களிலே பட்டை இருண்ட அறைக்குள் நோக்குகின்றது.

ஆதலாலேதான் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2022 ஆகஸ்டிலே, முதல் விடை "இல்லை" எனின் 48 மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்குமாறு அறிவுறுத்தியது: குறியுள்ளோர் குறைந்தது இருமுறை, குறியற்றோர் மும்முறை. குறித்த நேரத்திலேயே பட்டையைப் பார்த்தல் வேண்டும். அப்பொழுது தோன்றும் மங்கலான கோடும் கோடே. நேரங்கடந்து தோன்றும் கோட்டைக் கணக்கிற் கொள்ளலாகாது.

பட்டை "இல்லை" என்றால், "இவ்வேளையில் எனக்குப் புலப்படவில்லை" என்பதே அதன் பொருள். காய்ச்சலும் இருமலும் உள்ள ஒருவர் அச்சொல்லை அனுமதிச் சீட்டாகக் கொண்டு, வயது முதிர்ந்த பாட்டனாரின் கட்டிலருகே சென்று அமர்தல் தகாது. இரண்டு நாள் பொறுத்து மீண்டும் சோதித்துப் பார்க்கட்டும். அதுவரை வாசலில் நின்று நலம் விசாரிக்கட்டும். பாட்டனார் அதனைக் குறையாகக் கொள்ளார்.