ஐப்டாசியா

ஐப்டாசியா என்பது கடல்நீர்ப் பவளத் தொட்டிகளில் தொல்லை தரும் சிறிய கடற்சாமந்தி வகையாகும். இது தொட்டியில் இடப்படும் உயிர்ப்பாறைகளின் துளைகளில் ஒளிந்து வந்து சேர்கிறது. கொட்டும் உணர்கொம்புகளால் அருகிலுள்ள பவளங்களைத் தாக்குகிறது.

இதை வெட்டியோ சுரண்டியோ அகற்ற முயலக்கூடாது. பாறையில் ஒட்டியிருக்கும் அடிப்பாகத்தின் சிறு துணுக்கும் தனி உயிரியாக வளரக்கூடியது. அதனால் ஒன்று பலவாகப் பெருகும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

எண்ணிக்கை குறைவாக இருந்தால், கால்சியம் ஐதராக்சைடைக் குழம்பாகக் கரைத்து, சிரிஞ்சு மூலம் அதன் வாயில் செலுத்துவர். ஒரே நாளில் அதிகம் செலுத்தினால் நீரின் காரத்தன்மை உயர்ந்து பிற உயிர்களைப் பாதிக்கும்.

பரவலாக இருந்தால், பெர்கியா எனும் ஓடற்ற கடல் நத்தையை விடுவர். அது ஐப்டாசியாவை மட்டுமே உண்பதால் பவளங்களுக்குத் தீங்கில்லை. ஆனால் இரை தீர்ந்ததும் பட்டினியால் இறந்துவிடும்.