பெயர் சொல்லாத இடம்

மூன்று வரிதான் எழுதியிருந்தான் அந்தப் பையன்.

"திண்ணையில அண்ணன் சைக்கிள்.
சீட்டு மேல கோழி ஏறி நிக்குது.
யாரும் வெரட்டல."

நோட்டை நீட்டிவிட்டு, "இதுக்கு மார்க் உண்டா டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. 31 வருடத்தில் எத்தனையோ கட்டுரை நோட்டுகளைத் திருத்தியிருக்கிறேன். அம்மாவைப் பற்றியும் மழையைப் பற்றியும் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எதிலும் அவர்கள் வீட்டு வாசல் தெரியாது. கைடு வாசம்தான் அடிக்கும். இந்த மூன்று வரியில் ஒரு வீடு தெரிந்தது. அந்த வீட்டில் யாரோ இல்லை என்பதும் தெரிந்தது.

அன்றைக்கு நாங்கள் படித்தது குறுந்தொகையின் 41ஆவது பாட்டு. காதலன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர்போல மகிழ்வேன், அவன் பிரிந்துபோனால் ஆட்கள் விட்டுப்போன தனி வீட்டைப்போலப் பொலிவிழந்து கிடப்பேன் என்று ஒரு பெண் தன் தோழியிடம் சொல்கிறாள். ஆளில்லாத வீடு என்பதை எப்படிக் காட்டுவது? முற்றத்தில் அணில் விளையாடுகிறது. மனிதர் புழங்குகிற முற்றத்தில் அணில் அத்தனை தைரியமாக ஓடியாடாது. அந்த ஒரு அணில் போதும், வீடு எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்ல.

இந்தப் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் காலத்தில் அழிந்துவிட்டது. அணில் ஆடும் முற்றத்தைப் பாடியவர் என்பதால் அணிலாடுமுன்றிலார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குறுந்தொகையில் இப்படி நிறையப் பேர். செம்புலப்பெயல்நீரார், மீனெறிதூண்டிலார், ஓரேருழவனார், குப்பைக்கோழியார். எந்த ஊர், எந்தக் குடி, யார் மகன், யார் மகள் என்ற தடயமெல்லாம் போய்விட்டது. அவர்கள் பார்த்த ஒரு காட்சியே அவர்களுக்கு முகவரியாக நிற்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒருத்தி, "அப்ப எனக்கு என்ன பேரு டீச்சர் வைப்பாங்க?" என்று கேட்டாள். "நீ எதைப் பார்க்கிறாயோ அதை" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று உறைத்தது.

அதற்குப் பிறகுதான் எழுதச் சொன்னேன். மூன்று விதி வைத்தேன். யார் பெயரும் வரக் கூடாது. உன் தெருவில் இருக்கிற ஒரு உயிரோ ஒரு மரமோ வர வேண்டும். சோகம், சந்தோஷம், கவலை, கண்ணீர் மாதிரிச் சொல் ஒன்றுகூட வரக் கூடாது.

இந்த விதிகளை நான் கண்டுபிடிக்கவில்லை. அகப்பாட்டின் பழைய ஏற்பாடுதான். காதலும் குடும்பமும் பேசுகிற அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய் என்று வேடங்கள் உண்டு. ஆள் யார் என்று கிடையாது. பெயர் வந்துவிட்டால் அது அகம் இல்லை, புறம். இதில் எவ்வளவு கறார் என்பதற்கு நெடுநல்வாடையே சாட்சி. வாடைக்காற்று வீசும் இரவில் அரண்மனைக் கட்டிலில் கணவனை நினைத்துத் துயில் வராமல் கிடக்கிறாள் அரசி. அவன் பாசறையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். 188 அடியில் ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் ஓரிடத்தில், வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர் அடையாளப் பூ. அரசன் இன்னார் என்று ஊருக்குத் தெரிந்துபோகிறதே என்று, இதைப் புறம் என்று சொல்லிவிட்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரு கொத்து வேப்பந்தழை பாட்டையே வீட்டுக்கு வெளியே தள்ளிவிட்டது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? வகுப்பில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. பெயர் இருந்தால் ஊர் விசாரிக்கும். "எந்த அண்ணன்? எங்க போயிட்டான்? சண்டையா?" என்று கேட்கும். பெயர் இல்லையென்றால் எழுதியவன் தன் பாட்டுக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். அந்தப் பையனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன அண்ணனாக இருக்கலாம். வேறு விதமாகப் போன அண்ணனாகவும் இருக்கலாம். கேட்கக் கூடாது என்பதுதான் இலக்கணம். பத்துக்குப் பத்து போட்டேன்.

நேரே சொல்ல முடியாததை இன்னொரு வாயால் சொல்வது எங்கள் வீட்டுப் பெண்கள் எழுத்தறியாமலே செய்து வந்த காரியம். அம்மா விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். என் கடைசித் தம்பி பிறந்தபோது எனக்கு எட்டு வயது, 1972. சேலைத் தூளியை ஆட்டிக்கொண்டு அம்மா பாடுவாள். பாட்டு முழுக்க மாமாதான். மாமா வெள்ளிப் பாலாடை கொண்டுவருவார், அரைஞாண் கொடி கொண்டுவருவார், கூடப் பிறந்தவளுக்குப் பச்சைச் சேலை கொண்டுவருவார், வண்டி கட்டி வருவார். நான் வாசலில் போய் வண்டி வருகிறதா என்று பார்த்திருக்கிறேன்.

மாமா வரவே மாட்டார். ஒரு கிணற்றுப் பங்கில் வந்த தகராறில் அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்தது. அவர் பெயரை எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அம்மா உள்ளே பிள்ளைக்குப் பாடிக்கொண்டிருப்பாள். "என்ன பாடுற?" என்று எந்த ஆம்பிளையும் தாலாட்டை நிறுத்தச் சொல்ல முடியுமா? பிள்ளை தூங்க வேண்டுமே. எடுக்கக் கூடாத பேச்சை அவள் தினமும் இரண்டு வேளை எடுத்தாள். தான் எந்த வீட்டுப் பெண் என்பதைப் புகுந்த வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டாள். தமிழ்த் தாலாட்டில் தாய்மாமனும் அவன் சீரும் ஏன் இத்தனை இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், நான் அம்மாவைத்தான் காட்டுவேன்.

ஒப்பாரியும் அப்படித்தான். எங்கள் பக்கம் இழவு வீட்டில் பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். கொஞ்ச நேரம் செத்தவரைப் பற்றிப் பாட்டு இருக்கும். அப்புறம் காது கொடுத்துக் கேட்டால், ஒருத்தி தன் குடிகாரப் புருஷனைப் பாடுவாள். ஒருத்தி வயிற்றில் தங்காத பிள்ளையைப் பாடுவாள். பிணம் ஒன்று, அழுகை பல. மறுநாள் யாரும், "நீ ஏன் உன் வீட்டுக் கதையைச் சொன்னே?" என்று கேட்க மாட்டார்கள். தலைவி தோழியிடம் பேசுகிறாள், தாய் பிள்ளையிடம் பேசுகிறாள், இழவுக்கு வந்தவள் செத்தவரிடம் பேசுகிறாள். கேட்க வேண்டியவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வார்.

ஒரு தலைமுறை தள்ளி, துவரங்குறிச்சியில் ஒரு பெண் வேறு வழி கண்டுபிடித்தார். பூப்படைந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவர். திருமணத்துக்குப் பிறகும் எழுதுவதற்கு எதிர்ப்பு இருந்தது. இரவில் குளியலறைக்குள் நின்று எழுதி, மறைத்து வைத்து, வெளியே அனுப்பினார். பத்திரிகைகளில் வந்த பெயர் சல்மா. 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு வந்தபோதும் அந்தப் பெயர்தான். அவரை அடையாளம் தெரியாமல் காத்தது ஒரு புனைபெயர். அடுத்த வருடமே உள்ளாட்சித் தேர்தலில் நின்று ஜெயித்துப் பேரூராட்சித் தலைவரானார். 2025இல் மாநிலங்களவைக்கும் போனார். ஒளிந்துகொள்ள எடுத்த பெயரே ஊரறிந்த பெயராகிவிட்டது. திரைக்குப் பின்னால் நின்று குரலைப் பழக்கிக்கொண்டவர், வேண்டிய அன்றைக்குத் திரையை விலக்கினார். எல்லாரும் விலக்க வேண்டும் என்றில்லை. என் அம்மா விலக்கவில்லை.

கவிதை மனசைப் பேச வைக்கும் என்றால், எங்கிருந்து பேசுவது என்று இன்னொரு கேள்வி வரும். அதையும் பிள்ளைகள்தான் கேட்டார்கள். ஐந்திணையைக் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். குறிஞ்சி மலை, நள்ளிரவு, சேர்தல். முல்லை காடு, மாலை, காத்திருத்தல். மருதம் வயல், விடியல், ஊடல். நெய்தல் கடற்கரை, பொழுது சாயும் நேரம், இரங்கல். பாலை வறண்ட வழி, நடுப்பகல், பிரிவு. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள தெய்வம், மரம், பறவை, பறை, தொழில் கருப்பொருள், மனநிலை உரிப்பொருள். பறவையைச் சொன்னால் மனசு தெரியும்படி கட்டிவைத்த கட்டுமானம் இது. மைசூரில் பிறந்து சிகாகோவில் பாடம் நடத்திய ஏ.கே. ராமானுஜன், பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் 1962இல் குறுந்தொகையைக் கண்டெடுத்தார். தன் வீட்டு மொழியின் பழைய பாட்டை அத்தனை தொலைவில்தான் அவர் எதிர்கொண்டார். 1967இல் அவற்றை ஆங்கிலத்தில் தந்தபோது உள்மன நிலவெளி என்கிற பொருளில் பெயர் வைத்தார். அகத்திணையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

"டீச்சர், நம்ம ஊரு எந்தத் திணை?" என்றாள் அதே பின்வரிசைக்காரி.

மலை இல்லை, கடல் இல்லை, ஆற்றுப்பாசனம் இல்லை. "பாலைன்னு எழுதிக்கவா?" என்றான் ஒருவன். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாவதாகச் சிலப்பதிகாரம் சொல்வதை எடுத்துச் சொன்னேன். யாருக்கும் அது திருப்தியாக இல்லை. பொசுங்கிப்போன வேறொரு நிலம் என்று தங்கள் ஊரை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனசு வரவில்லை. "அப்படின்னா நீங்களே கட்டம் போடுங்க" என்று சாக்பீஸைக் கொடுத்தேன்.

நிலம், கரிசல். தெய்வம், காளியம்மன். மரம், உடையும் பனையும். உணவு, கம்பங்கஞ்சி, அதை அழித்துவிட்டு ஒருத்தி பரோட்டா என்று எழுதினாள். தொழில், தீப்பெட்டி ஆபீஸ். பறை என்ற இடத்தில் மினி பஸ் பாட்டு என்று போட்டார்கள். பூவுக்குப் பெரிய சண்டை. கடைசியில் பருத்திப்பூ ஜெயித்தது. "பூத்த அன்னைக்கு வெளிறிப்போயிருக்கும், மறுநாள் செவந்துரும் டீச்சர்" என்று காரணம் சொன்னாள் காட்டுவேலைக்குப் போகிற வீட்டுப் பெண். உரிப்பொருள் மட்டும் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கோழிக்காரப் பையன் எழுந்து, "வானத்தப் பாக்குறது" என்றான். மழைக்காக.

இடைசெவலில் உட்கார்ந்து கி. ராஜநாராயணன் இதைத்தான் செய்தார். பாடப்புத்தகத் தமிழில் இடமில்லாத கரிசல் சொற்களைச் சேர்த்து 1982இல் அகராதியே போட்டார். தன் வீட்டுச் சொல் அச்சில் ஏறுவதைப் பார்த்த பிறகு, அந்த வீட்டுப் பிள்ளை வாய்மூடி உட்கார்ந்திருக்க மாட்டான். வகுப்பிலும் அதுதான் நடந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு அவர்கள் நோட்டுகளில் கைடு வாசம் குறைந்து வாசல் தெரிய ஆரம்பித்தது.

எழுத ஆசை, எழுத்து வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுப்பது அந்த மூன்று விதிகள்தான். பெயர் சொல்லாதே. தெருவிலிருந்து ஒரு உயிரைக் கூட்டி வா. மனநிலைக்கு அகராதியில் இருக்கிற சொல்லைத் தொடாதே. யாருக்கும் காட்ட வேண்டும் என்றில்லை. கவிதையாக வந்ததா என்பதுகூட இரண்டாம் பட்சம். துக்கமாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் நோட்டை மூடிவிடலாம். கோழி சைக்கிள் சீட்டில் நிற்கிறது என்று எழுதினால், அதை ஏன் யாரும் விரட்டவில்லை என்று எழுதினவனே யோசிக்க வேண்டி வருகிறது.

அம்மா 2003இல் போய்ச் சேர்ந்தாள். பிறந்த வீட்டுக் கோடி வந்தால்தான் எடுக்க முடியும் என்று ஊர் காத்திருந்தது. மத்தியானம் மாமா வந்தார். பெண்கள் ஒப்பாரியை ஏற்றிப் பாடினார்கள். தமிழ் படித்த எனக்கு ஒரு அடிகூட வாயில் வரவில்லை. பாட்டு தெரியாத மகள் என்று ஓரமாக நின்றேன். எத்தனையோ வருடம் கழித்து, அந்த மூன்று வரி நோட்டைத் திருத்திய இரவு, பிள்ளைகளுக்கு வைத்த விதியை எனக்கே வைத்துக்கொண்டு எழுதினேன்.

"தாலாட்டில் சொன்ன பச்சைச் சேலை
முப்பது வருஷம் கழித்து வாசல் ஏறியது.
மடிப்புக்குள் கடைச் சீட்டு.
வேப்பமரத்துக் காக்கை பார்த்துக்கொண்டிருந்தது.
நான்தான் பிய்த்தெடுத்தேன்."