ஐந்தடிப் பாதையும் சக்கர நாற்காலியும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். முன்பின் அறிமுகமில்லாத புதியவரையே பண்டைத் தமிழர் விருந்தினர் எனக் கொண்டனர். வருபவர் யார், அவர்க்கு என்ன வேண்டும் என்பதை அறியுமுன்பே அவர்க்கென ஓர் இடம் ஒழித்து வைத்தலே விருந்தோம்பலின் அருமை. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், மதுரையில் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி உணவளித்தபோது, பார்வையற்றோரையும் செவி கேளாதோரையும் கால் முடப்பட்டோரையும் கூவி அழைத்தான். அவர்கள் தாமாக வந்து சேரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை.

இக்காலத்தில் அப்புதியவரை ஏற்கும் இடம் தங்கும் விடுதியாகும். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் ஒரு சுற்றுலா நகரில் ஓர் இரவு தங்குவதற்கு என்னென்ன வேண்டும்? இவ்வினாவைப் பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரத்துக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வைத்துப் பார்த்தால் விடை நன்கு விளங்கும்.

முன்னர்ப் பிட் தெரு எனப்பட்ட இச்சாலைக்கு இன்றைய பெயரைத் தந்தது, கப்பித்தான் கெலிங் என்னும் தலைமைப் பதவி வகித்த காதர் முகைதீன் 1801ஆம் ஆண்டில் தோற்றுவித்த பள்ளிவாசல். வடகோடியை ஒட்டிச் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் நிற்கிறது. இடையில் சீனரின் குவான் யின் கோயில் உள்ளது. 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயிலின் வாயில் குயின் தெருவில். அதன் பின்புறம் இச்சாலையை நோக்கியது. இதனால் இதனை நல்லிணக்கத் தெரு என்று பாராட்டுவர். எல்லாச் சமயத்தார்க்கும் இடமளித்த இச்சாலை, நடக்க இயலாதவர்க்கும் இடமளிக்கிறதா என்பதே இனி ஆராயத்தக்கது.

அறையின் இலக்கணம்

சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை என்பது பெயரால் அமைவதன்று, அளவால் அமைவது.

முதலாவது, கதவு. சாதாரணச் சக்கர நாற்காலி ஏறத்தாழ 25 முதல் 27 அங்குல அகலமுடையது. சக்கரத்தை உந்தும் கைகளுக்கும் இடம் வேண்டும். ஆதலால் 32 அங்குல இடைவெளியேனும் தேவை. கதவுநிலையின் அகலத்தை அளந்து நிறைவு கொள்ளலாகாது. திறந்த கதவு மறைத்தது போக எஞ்சும் இடைவெளியே கணக்கு.

இரண்டாவது, திரும்பும் இடம். நாற்காலி முழு வட்டமாகத் திரும்ப 5 அடி விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். அறை எவ்வளவு பெரிதாயினும், மேசையும் அலமாரியும் அவ்வட்டத்தை அடைத்துக்கொண்டால், உள்ளே சென்றவர் பின்னோக்கியே வெளியே வர நேரும்.

மூன்றாவது, கட்டில். இதற்குத் தமிழ்நாட்டு வழியோரத்தில் நல்ல உவமை உண்டு. சுமைதாங்கிக் கல்லை அறியாதவர் இலர். தலைச்சுமையுடன் வருபவர், இறக்கிவிடப் பிறர் கையை எதிர்பாராமல், தாமே சுமையை அக்கல்மேல் நகர்த்தி வைக்கலாம். இளைப்பாறியபின் தாமே எடுத்துக்கொள்ளலாம். கல்லின் உயரம் சுமையின் உயரத்தோடு ஒத்திருப்பதே அதன் நுட்பம். கட்டிலுக்கும் இஃதே விதி. நாற்காலியின் இருக்கை 18 முதல் 20 அங்குல உயரத்தில் இருக்கும். கட்டிலும் அவ்வுயரத்தில் இருந்தால், அமர்ந்திருப்பவர் கையூன்றித் தாமே அதற்கு மாறிக்கொள்வார். மெத்தைமேல் மெத்தையிட்டு இரண்டடிக்கு மேல் உயர்த்தப்பட்ட கட்டில் கண்ணுக்கு அழகு. அவர்க்கோ ஏற முடியாத மதில்.

நான்காவது, குளியலறை. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. குளிக்கும் இடத்தில் வரம்பு கூடாது; அமர்ந்து குளிக்க உறுதியான இருக்கை வேண்டும். கழிப்பிடத்தின் பக்கத்தில் நாற்காலியை நிறுத்த இடமும், சுவரில் இறுகப் பொருத்திய கைப்பிடியும் வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பி மனித உடம்பின் எடையைத் தாங்காது. கைகழுவும் தொட்டியின் கீழே முழங்கால் நுழைய வெளியும் வேண்டும்.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை பயன்படா. கதவும் கட்டிலும் சரியாக இருந்து, குளியலறை வாயிலில் நான்கு அங்குல வரம்பு நின்றால், விருந்தினர் அன்று குளிக்கப்போவதில்லை. ‘அதனால் என்ன, ஆட்கள் தூக்கிவிடுவார்களே’ என்று அன்புடன் சொல்பவர் உண்டு. நாலு பேர் தூக்கிச் செல்வது என்பதற்குத் தமிழில் வேறு பொருளும் இருக்கிறது. உயிரோடிருப்பவர் எவரும் அதனை விரும்பார். பிறர் கையை எதிர்பாராதிருத்தலே இவ்வளவுகளுக்கெல்லாம் நோக்கம்.

ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி

இனி, அறை வரைக்கும் செல்லும் வழியைக் காண்போம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் முகப்பில் குறுகியவை, உள்நோக்கி நெடியவை. நடுவே வானம் பார்த்த முற்றமும், மாடிக்குச் செங்குத்தான மரப்படிகளும் உண்டு. இத்தகைய வீடுகள் பல இன்று விடுதிகளாக மாறியுள்ளன. மாடியறைக்கு மின்தூக்கி இல்லாதபோது, கீழ்த்தளத்து அறையொன்றே சக்கர நாற்காலியில் வருபவர்க்கு வழி.

வீட்டின் முன்னே செல்வது ஐந்தடிப் பாதை. மலாய் மொழியில் இதனைக் காக்கி லீமா என்பர். 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரமைப்புக்கு ராஃபிள்ஸ் விதித்த கட்டளையில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்றும், அஃது எக்காலமும் திறந்திருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. இவ்வழக்கம் பினாங்கிலும் வேரூன்றியது. தமிழர் வீட்டுத் திண்ணை வழிப்போக்கர் அமர்வதற்கு. ஐந்தடிப் பாதையோ அவர் வெயிலிலும் மழையிலும் நனையாது, வாடாது நடப்பதற்கு.

நாற்காலி திரும்ப வேண்டிய வட்டமும் 5 அடி என்பது மேலே சொல்லப்பட்டது. ஆக, அகலம் ஏறத்தாழப் போதுமானது. குறை உயரத்தில் உள்ளது. அவரவர் தம் வீட்டுத் தளத்தை வேண்டியவாறு உயர்த்திக் கட்டியதால், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே படி நிற்கிறது. சாலைக்கும் பாதைக்கும் நடுவே சாக்கடை ஓடுகிறது. எஞ்சிய இடத்தை மோட்டார் சைக்கிளும் கடைச் சரக்கும் பிடித்துக்கொள்கின்றன.

சாய்தளம் ஒன்று போட்டால் தீராதா எனின், அதற்கும் கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது பல நாடுகளும் ஒப்பும் அளவு. அதனினும் செங்குத்தானால் ஏறுபவர் கை சோரும். இறங்குபவர் உருண்டு விழுவார். வாயிற்படி 6 அங்குலமானால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். ஐந்தடிப் பாதையின் குறுக்கே அதனை இட இயலாது. இட்டால் நடப்பவர் வழி அடைபடும். பாதையின் நெடுக்கிலே, சுவரை ஒட்டிச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டு சென்றால்தான் முடியும். அவ்வாறு செய்ய அண்டை வீட்டார் இசைவு வேண்டும். ஆகவே இது தனி ஒரு விடுதியால் முடியும் காரியமன்று; வரிசை முழுவதும் கூடிச் செய்ய வேண்டியது; நகராண்மை முன்னின்று நடத்த வேண்டியது.

ஒரே நாளில் இரு கடமைகள்

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். இது மரபுரிமை நகரம். பழைய தளத்தையும் படியையும் மாற்றலாமா என்பதே அது. ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள். மலேசியாவின் உடற்குறையுற்றோர் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாள்தான். பொது இடங்களையும் கட்டடங்களையும் பிறரைப் போலவே பயன்படுத்தும் உரிமை அவர்க்கு உண்டு என்று அச்சட்டம் ஏற்கிறது. எனினும், இயற்றப்பட்டபோது அதில் மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கும் பிரிவு சேர்க்கப்படவில்லை. 2010ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் மலேசியா உறுதி செய்தது. பழைமையைக் காத்தலும் வழியைத் திறத்தலும் ஆகிய இரண்டு கடமைகளையும் இந்நகரம் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது எனலாம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழித்தல் முறையாகாது.

பிற நாட்டுப் பழநகரங்கள் இதற்கு வழி கண்டுள்ளன. இங்கிலாந்தின் செஸ்டர் நகரம் மதில் சூழ்ந்தது. அங்குள்ள கூரையிட்ட பழைய கடைநடைகள் தெருமட்டத்துக்கும் மேலே அமைந்தவை. அந்நகரமே 2017ஆம் ஆண்டுக்கு, எவரும் எளிதில் அணுகத்தக்க நகரம் என்னும் ஐரோப்பியப் பரிசைப் பெற்றது. பழங்கட்டடத்தில் செய்யும் மாற்றம், வேண்டும்போது நீக்கத்தக்கதாக இருத்தல் நன்று என்பது மரபுக் காப்பாளர் கொள்கை. பழைய தரையோட்டைப் பெயர்க்காமல் அதன்மேல் இடும் மரச் சாய்தளம் அக்கொள்கைக்கு மாறுபட்டதன்று. பின்சந்து சமமாக இருக்குமிடத்தில் அவ்வழியே வாயில் வைத்தலும் ஆகும். ஆனால் அங்கே விளக்கும் தூய்மையும் இருத்தல் வேண்டும். விருந்தினரைக் குப்பைத் தொட்டிகளுக்கிடையே வரவழைப்பது வரவேற்பாகாது.

பயணம் புறப்படுவோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. ‘சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை உண்டா?’ என்று கேட்டால் ‘உண்டு’ என்னும் விடையே வரும். கேட்க வேண்டியவை வேறு: கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படிகள்? குளியலறைக் கதவைத் திறந்தபின் எத்தனை அங்குலம்? கட்டில் எவ்வளவு உயரம்? இவ்வளவுகளைப் படத்துடன் அனுப்பும்படி கேட்பதில் தவறில்லை. முதிய பெற்றோரை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இவ்வாறு கேட்கக் கேட்க, விடுதிக்காரரும் அளவுநாடாவைக் கையில் எடுப்பர்.

எக்காலமும் திறந்திருக்க வேண்டும் என்று விதித்துப் போடப்பட்ட பாதை இது. அகலம் முன்பே அமைந்துவிட்டது. அதனைச் சமன்படுத்துவது மரபுக்குச் செய்யும் தீங்கன்று. அவ்விதியை நிறைவேற்றுவதே ஆகும்.