யானை கேட்ட பாட்டு. கோர்ட்டு ஏறிய பாட்டு!

தேனி,

கதையை எழுதிவிட்டுத்தான் பாட்டு போடுவார்கள். அதுதான் சினிமா வழக்கம். பாட்டை முதலில் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி கதை கட்டினால்?

அப்படி வந்த ஒரு படத்தின் பாட்டைக் கேட்க, காட்டு யானைகளே தியேட்டர் பக்கம் வந்தனவாம்!

இடம், நம்ம கம்பம் பள்ளத்தாக்கு. சொன்னவர் இளையராஜா. படம், 1984ல் வந்த "வைதேகி காத்திருந்தாள்". ஜெயச்சந்திரன் "ராசாத்தி" என்று உருகும்போது யானைக்கூட்டம் வந்து நிற்குமாம். பாட்டு முடிந்ததும் பேசாமல் காட்டுக்குத் திரும்பிவிடுமாம்.

"சும்மா கதை விடாதீங்க" என்று சிரிக்க வேண்டாம். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே புகுந்து, தெருத்தெருவாக ஓடியதை மறந்துவிட்டீர்களா?

மெட்டு முதலில்!

அந்தப் படத்துக்கு மெட்டுகள் முன்பே ரெடி. அவற்றை வாங்கிக்கொண்டு, அவற்றுக்கு ஏற்ற கதையைப் பின்னினார் டைரக்டர் ஆர்.சுந்தர்ராஜன். படம் சக்கைப்போடு போட்டது.

இருக்கிற மெட்டை எடுத்து வேறு வேலைக்கு வைப்பது பண்ணைப்புரத்துக்காரர்களுக்குப் புதுசல்ல. ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன், பிரபல சினிமா மெட்டுகளில் கம்யூனிஸ்டு கட்சி வசனத்தைப் போட்டு மேடையில் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டுக்கு அப்படி ஒரு கூட்டம்! தம்பி ராஜாவும் அந்தக் குழுவில் ஊர் ஊராகச் சுற்றியவர்தான்.

பழைய பாட்டு, புதுப் படம்

காலம் மாறிப்போச்சு. இப்போது ராஜாவின் பழைய பாட்டே புதுப் படங்களுக்கு உயிர். 2018ல் வந்த "96" படத்தில் கதாநாயகிக்கு ஜானகி என்று பேர். பாடுவதெல்லாம் ராஜா பாட்டு. தன் பாட்டை இப்படி எடுத்துப் போடுவதை 2019ல் ராஜா கடுமையாகச் சாடினார்.

2024ல் வந்த மலையாளப் படம் "மஞ்ஞுமெல் பாய்ஸ்". கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கதை. உச்சக்கட்டத்தில் 1991ல் வந்த "குணா" பாட்டு ஒலிக்க, தியேட்டரில் அழாத ஆள் இல்லை. மே மாதமே வக்கீல் நோட்டீஸ் பறந்தது! "பாட்டு கம்பெனிகளிடம் முறைப்படி உரிமை வாங்கிவிட்டோம்" என்றது படத் தரப்பு.

2025ல் அஜித் நடித்த "குட் பேட் அக்லி". மூன்று பழைய பாட்டுகள். 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ். செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு இடைக்காலத் தடையே போட்டுவிட்டது.

யாருக்குச் சொந்தம்?

தயாரிப்பாளருக்கா? கேசட் கம்பெனிக்கா? மெட்டுப் போட்டவருக்கா? சண்டை இதுதான்.

2012ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர, வேறு வழியில் பாட்டு சம்பாதித்தால் எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

வெளிநாட்டிலும் பழைய பாட்டை வைத்துப் படம் எடுக்கிறார்கள். "அப்பா" குழுவின் பாட்டுகளைக் கோத்து 2008ல் வந்தது "மம்மா மியா". பாட்டு போட்டவர்களும் அந்தப் படத்தில் கூடவே இருந்தார்கள். நோட்டீசுக்கு வேலையே இல்லை.

"அண்ணன் பிறத்தியார் மெட்டில் பாடினாரே, அது மட்டும் சரியா?" என்று கேட்கலாம். அது கட்சி மேடை, டிக்கெட் விற்கவில்லை. இது கோடிகள் புரளும் வியாபாரம்.

யானைகூட பாட்டைக் கேட்டுவிட்டு, ஒரு கரும்பைக்கூட ஒடிக்காமல் போனதாம். வசூலை அள்ளுகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் என்ன குறைந்துவிடும்?