போர்டோத் திராட்சையும் மயில்துத்தக் கலவையும்

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோக் கலவையை நமது குடியானவர்கள் நன்கறிவார்கள். அப்பெயர் ஓர் ஊரின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. போர்டோ, பிரான்சு தேசத்தின் தென்மேற்கில் கரோன் நதிக்கரையிலுள்ள துறைமுகப் பட்டணம். அதைச் சூழ்ந்த பிரதேசம் திராட்சை மதுவுக்குப் பிரசித்தி பெற்றது. மதுவைப்பற்றி அவரவர் அபிப்பிராயம் எவ்வாறாயினும், அங்குள்ள கொடிச் சாகுபடி அறியத்தக்கது.

கரோனும் தோர்தோஞ் நதியும் கூடி, ஜிரோந்து என்னும் கழிமுகமாய் அட்லாண்டிக் சமுத்திரத்தை அடைகின்றன. இடக்கரையில் மெடோக் பகுதியின் சிறந்த தோட்டங்கள் சரளை மேடுகளில் உள்ளன. தானியம் விதைப்போர் அந்நிலத்தை ஏறிட்டும் பாரார். கொடிக்கோ அதுவே உகந்தது. மழைநீர் தேங்காமல் வடிகிறது. வேர் ஆழ இறங்குகிறது. கற்கள் பகலில் ஏற்ற வெப்பம் பழம் கனியத் துணைசெய்கிறது. தாமதித்துப் பழுக்கும் கபெர்னே சோவிஞ்ஞோன் இரகம் அங்கே செழிப்பது இதனாலேயே. வலக்கரையில் களியும் சுண்ணாம்புக்கல்லும் மிகுந்த குளிர்ந்த நிலம். ஆகையால் முந்திப் பழுக்கும் மெர்லோவையே அதிகமாக நடுகிறார்கள்.

வேருக்கு வடிகால் இருந்தும் இலைக்கு ஆபத்து நீங்கவில்லை. கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சாணம் எளிதில் பரவும். சொத்தெர்ன் போன்ற பகுதிகளில் மட்டும், இலையுதிர்கால மூடுபனியில் படரும் ஒருவகைப் பூஞ்சாணத்தை வரவேற்கிறார்கள்; அது பழத்தைச் சுருங்கச்செய்து இனிப்பைத் திரட்டுகிறது. ஏனையவை நஷ்டமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்சரா என்னும் நுண்பூச்சி வேரை உறிஞ்சித் தோட்டங்களைப் பாழாக்கிற்று. அதைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடிகளின் வேர்ப்பாகத்தின்மேல் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டியே பிழைத்தனர். அத்துயர் தீருமுன்பே அடிச்சாம்பல் நோய் வந்து இலைகளை உதிர்த்தது.

1882-ஆம் வருஷம், போர்டோவில் தாவர சாஸ்திரப் பேராசிரியராயிருந்த மில்லார்தே, மெடோக்கில் பாதையோரக் கொடிகள் மாத்திரம் இலையோடு நிற்கக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறியாதிருக்க, நஞ்சுபோல் தோன்றும்படி அவற்றின்மீது மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தனர்! திருடருக்கு வைத்த பூச்சு நோய்க்கு மருந்தாயிற்று. அவர் பரிசோதனைகள் செய்து 1885-இல் முறையை வெளியிட்டார்.

இக்கலவை நோய் புகாமல் தடுக்குமேயன்றி, புகுந்ததைத் தீர்க்காது. ஆகையால் நோய் காணுமுன்பே, இலையின் அடிப்புறமும் நனையத் தெளித்தல் வேண்டும். அளவும் முக்கியம். தெளித்த செம்பு மண்ணைவிட்டு அகலுவதில்லை. நெடுங்காலம் தெளித்த போர்டோத் தோட்டங்களில் அது மிகுதியாய்ச் சேர்ந்துள்ளது. இத்தகைய சேர்க்கையைக் கருதி, ஐரோப்பிய யூனியன் 2019 முதல் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ செம்புக்கு மேற்படலாகாதென வரையறுத்தது.